பேர் சொல்லாத சாமிக்கு ஒரு சுருட்டு

கோயமுத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் என் கூடப்பிறந்த அண்ணன், ஓய்வு பெற்ற ஏட்டு பேயாண்டி அவர்களுக்கு, மதுரையிலிருந்து தங்கை ஒச்சாயி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மடப்புரத்துக் காளி துணை நிற்கட்டும். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சும்மா ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். இங்கே நானும் மகன் அழகுமலையும் மருமகள் முருகம்மாளும் சுகம். கடிதம் என்றால் சுகம் என்று எழுத வேண்டுமே என்று எழுதிவிட்டேன். நிஜத்தில் நான் சுகமாக இல்லை, அண்ணே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், தப்புக் கிடந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்காதீர்கள். நான் சுருட்டுப் பிடித்த சங்கதி நடுவில் வருகிறது.

நீங்கள் தை அமாவாசைக்கு முன்னால் மதுரைக்கு வந்தே ஆக வேண்டும். வரும்போது பெட்டியில் மடித்து வைத்திருக்கும் காக்கிச் சட்டையையும் தொப்பியையும் கொண்டு வர வேண்டும். ஓய்வு பெற்றவர் போடக் கூடாது என்று அண்ணி சொல்வாள். போட வேண்டாம், கையில் வைத்திருந்தாலே போதும், பார்க்கிறவன் பயப்படுவான். எதற்கு என்று முழுதாக எழுதுகிறேன், பாதியில் கோபம் வந்து மடித்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், போன தை அமாவாசையன்று உயிரை விட்ட இடம் உங்களுக்குத் தெரியும். கோரிப்பாளையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற பழைய பூங்கா. சாவுக்கு வந்த அவசரத்தில் நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் எட்டு மூலை மண்டபம் ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிக்கக் கட்டியது. இப்போது அதில் ரேடியோ பாடுகிறது. அதற்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. லண்டனில் எந்த ராஜாவுக்கோ முடி சூட்டினார்களாம், அந்தச் சந்தோஷத்துக்கு இங்கே தண்ணீர் பீய்ச்சியதாம். நான் பார்த்த நாள் முதல் அதில் ஒரு சொட்டு வந்ததில்லை. ராஜாவே போய்ச் சேர்ந்த பிறகு தண்ணீர் மட்டும் என்ன வாழும். ஒரு குட்டிப் பீரங்கி இருக்கிறது, அதன் மேல்தான் தோட்டக்காரர்கள் வேட்டி காயப்போடுவார்கள். முதல் உலகச் சண்டைக்குக் கப்பலேறிப் போன இந்தப் பக்கத்து ஆட்களின் பேரை வெட்டி வைத்த கல் ஒன்று இருக்கிறது. கடைசியில் வேப்ப மரத்தடியில் ஒரு துரை இருக்கிறார். முழுத் துரை இல்லை, நெஞ்சு வரைக்கும்தான் சிலை. அவர் பேர் எழுதிய பித்தளைத் தகட்டை எவனோ எந்தக் காலத்திலோ பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டான், ஆணி அடித்த துளை மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தத் துரைக்குப் பக்கத்தில் கிடந்த சிமெண்டு பெஞ்சில்தான் மில் வேலை முடிந்த காலத்திலிருந்து உங்கள் மாப்பிள்ளை சாயங்காலம் போய் உட்காருவார். சுருட்டைப் பற்ற வைத்து, துரையின் பீடத்து விளிம்பில் வைத்து, எடுத்து எடுத்து இழுப்பார். விளிம்பில் அந்த இடம் மட்டும் கரிபிடித்துக் கறுப்பாக இருக்கும். ரேடியோவில் செய்தி முடிந்ததும் எழுந்து வருவார். அன்றைக்கு மட்டும் செய்தி முடிந்தும் எழவில்லை. சுருட்டு விளிம்பில் புகைந்துகொண்டே இருந்ததாம். பாதிதான் தீர்ந்திருந்ததாம்.

அந்தப் பாதிச் சுருட்டுத்தான் அண்ணே என்னைத் தூங்க விடவில்லை. வீட்டில் அழகுமலை மாசாமாசம் அமாவாசைக்கு இலை போட்டு வடை பாயசம் எல்லாம் வைக்கிறான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் என்றைக்கு வடையைத் தேடினார்? பாதியில் விட்டதை முடிக்காமல் எந்திரிக்கிற ஆள் இல்லையே அவர். அதனால் அடுத்த அமாவாசைக்கு நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு சுருட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். அவர் வைக்கிற விளிம்பிலேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். தீக்குச்சியைக் காட்டிக் காட்டிப் பார்க்கிறேன், சுருட்டுப் பற்ற மாட்டேன் என்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, அதை இழுத்தால்தான் பற்றும். சுற்றிப் பார்த்தேன், ஆள் இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் இருந்தது.

இப்படி ரெண்டு மூன்று அமாவாசை போனது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்போதுதான் பூங்கா வாசலில் அழகம்மாள் என்று ஒருத்தி புதிதாகப் பூக்கடை போட்டாள். உங்கள் மாப்பிள்ளையை அவள் பார்த்ததில்லை. ஒரு அமாவாசைக்கு நான் விளிம்பில் சுருட்டை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறேன், பின்னால் வந்து நிற்கிறாள்.

"என்னத்தா, யாருக்கு வச்சுக் கும்பிடுற?"

"வேண்டியவுகளுக்கு."

"வேண்டியவுகன்னா? பேரு என்னத்தா?"

"பேரச் சொல்லக் கூடாதும்மா."

"ஆத்தி! சொன்னா என்ன ஆகும்?"

"தெரியலையே. நான் ஒருநாளும் சொன்னதில்ல."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். போய்க் கூடையிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் எடுத்து வந்து பீடத்தில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புருஷன் பேரை எந்தப் பொம்பளை சொல்வாள், இது அவளுக்கும் தெரியும்தானே, நம் வீட்டு மனிதருக்கு ஒரு முழம் பூப் போடுகிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் கூடையில் இருந்த அம்புட்டுப் பூவும் பொழுது சாய்வதற்குள் விற்றுவிட்டதாம். அதுதான் முதல் சனியன்.

அவள் ஒரு மாட்டு வண்டிக்காரனிடம் சொன்னாள். அவனுக்குக் காணாமல் போன மாடு கிடைத்தது. (மாடு அதுவாகப் பசித்து வீட்டுக்கு வந்தது, அண்ணே.) அவன் ஒரு சுருட்டும் ஒரு மணியும் கொண்டு வந்து வேப்ப மரத்தில் கட்டினான். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் பேனாவைக் கொண்டு வந்து துரையின் கழுத்தில் தொட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எவளோ மஞ்சளை அரைத்து அவர் முகத்தில் பூசினாள், எவளோ சட்டைக் காலர் தெரியாமல் சிவப்புத் துண்டைக் கட்டினாள். நான் அடுத்த அமாவாசைக்குப் போய் நிற்கிறேன், துரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "இது என்ன சாமி?" என்று கேட்டேன். "சத்தம் போடாத ஆத்தா, இது பேர் சொல்லாத சாமி. பேரச் சொன்னா ரத்தம் கக்கிருவோம்" என்று எனக்கே சொல்கிறாள்.

சாமி வந்தால் சாமிக்கு ஒரு கதை வேண்டும் அல்லவா? நம் ஜனங்களுக்கு அதில் என்ன பஞ்சம். துரைக்குக் கை இல்லை, அது நெஞ்சு வரைக்கும் செய்த சிலை. வாசலில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் சங்கிலி அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தான். "வெள்ளக்காரனோட சண்டை போட்டாரு நம்ம சாமி. அந்தப் பாவிக ரெண்டு கையையும் இடுப்பையும் வெட்டிப்பிட்டாய்ங்க. அப்பவும் பேரச் சொல்லல!" கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வெட்டுப்பட்டவர் கோட்டும் காலரும் போட்டிருக்கிறாரே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பீரங்கிக்குச் சந்தனம் பூசி அது சாமியின் ஆயுதம் ஆகிவிட்டது, பாவம் தோட்டக்காரர்கள் வேட்டி காயப்போட இடம் இல்லாமல் அலைகிறார்கள். ராஜாவுக்குத் தண்ணீர் பீய்ச்சிய தொட்டியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அது தெப்பக்குளம் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் வறண்டு கிடந்ததில் இப்போது ஒரு தவளை குடியிருக்கிறது, அதற்கும் பொரி போடுகிறார்கள். சண்டைக்குப் போனவர்கள் பேர் வெட்டிய கல்லுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள், அவர்கள் எல்லாம் சாமியின் படையாம். அது ஒன்றைத்தான் நான் குறை சொல்ல மாட்டேன். கப்பலில் போய்ச் செத்த பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் யார் விளக்கு வைத்தார்கள்?

எல்லாம் போகட்டும் என்றுதான் அண்ணே இருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நானும் சுருட்டை வைத்துவிட்டு வந்தால் என் வேலை முடிந்தது. ஆனால் இந்தச் சங்கிலி ஒரு கமிட்டி வைத்தான். ஊரில் தமிழ் மாநாடு வரப்போகிறது, தெருவெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள். நம் சாமி மட்டும் அழுக்காக இருக்கலாமா என்று கமிட்டி தன் சொந்தச் செலவில் ஒரு பெயிண்டரைப் பிடித்து வந்து துரைக்கு வர்ணம் அடித்தது. முகத்துக்கு ரோஸ், கண்ணுக்குச் சிவப்பு, மூக்குக்குக் கீழே இங்கிருந்து அங்கிட்டு வரைக்கும் ஒரு மீசை. லண்டனில் அவரைப் பெற்ற தாய் எழுந்து வந்தாலும் அடையாளம் தெரியாது. சன்னதிக்கு இடம் வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளை உட்கார்ந்த பெஞ்சைத் தூக்கிக் கழிவறைப் பக்கம் போட்டார்கள். துரையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கார்த்திகை அமாவாசைக்கு நான் போகிறேன், கயிற்றுக்கு உள்ளே நின்று சங்கிலி கையை நீட்டி மறிக்கிறான்.

"ஆத்தா, கோவிச்சுக்காத. தாலியறுத்தவுக சன்னதிக்குள்ள வரப்பிடாதுன்னு கமிட்டியில பேசியிருக்கோம். நீ அங்கிட்டு நின்னு கும்பிடு."

"ஏண்டா, நான் தாலியறுத்ததே இந்த எடத்துலதானடா!"

"அதுக்குத்தான் சொல்றேன். சாமிக்கு ஆகாது."

எனக்கு வந்த கோபத்தில் நடந்ததை எல்லாம் போட்டு உடைத்தேன். இது சாமி இல்லை, வெள்ளைக்கார துரை, சுருட்டு என் வீட்டுக்காரருக்கு வைத்தது, முதலில் வைத்தவள் நான்தான் என்று கத்தினேன். சங்கிலி கொஞ்சமும் அசரவில்லை.

"மில்லுக்காரருக்குத்தான வச்ச? நல்ல மனுசன், எனக்கும் தெரியும். சரி. ஆனா உன்னைய இங்க வந்து வைக்க வச்சது யாரு?"

"நானாத்தான் வந்தேன்."

"நீயா வரல ஆத்தா. வர வச்சாரு!"

கூட்டத்தில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் இத்தனை வருஷம் ஸ்டேஷனில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருப்பீர்கள், இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களா? அதோடு விட்டானா, அதுவும் இல்லை. "ஊரறிய ஒண்ணு சொல்றேன் ஆத்தா. இது மனுசனுக்கு வச்சதுன்னா அந்த மனுசன் பேர இப்ப இங்க சொல்லு. சொல்லிட்டீன்னா கயித்தையும் அவுத்துட்டு கமிட்டியையும் கலைச்சுப்புடுறேன்" என்றான். பூங்காவில் அவரை எல்லோரும் மில்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஒருத்தருக்கும் பேர் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடி இருக்கிறது, பேர் வரவில்லை. எப்படி வரும்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்னதில்லையே. அழகம்மாள்தான் எனக்காகப் பேசினாள். "அவ புருசன் பேர அவ எப்படிய்யா சொல்லுவா? உம் பொண்டாட்டி சொல்றாளா?" என்றாள். சங்கிலி காதிலேயே வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, வாயடச்சுப் போச்சு! சாமியே தடுக்குது!" என்றான். மணியடித்தார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி.

வீட்டுக்கு வந்து அழகுமலையிடம் சொன்னேன், சுருட்டு இழுத்ததை மட்டும் விட்டுவிட்டு. நீ வந்து உங்கப்பன் பேரை ஒரு தரம் சொல்லிவிட்டுப் போடா என்றேன். அவன் கரண்டு ஆபீஸில் இருந்து இருந்து எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்கிற ஆள். "அம்மா, நாலு பேரு கும்புடுற எடத்துல போயி சாமி இல்லைன்னு சொன்னா அடிப்பாய்ங்க. எங்கப்பாதான் சாமின்னு சொன்னா அதுக்கும் அடிப்பாய்ங்க. என்னைய விட்டுரு" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நடுவில் திருநகரிலிருந்து பசுபதி என்று ஒரு சரித்திர வாத்தியார் வந்தார். காலேஜில் பாடம் சொன்னவர். மாநாட்டுக்கு வருகிறவர்கள் படிக்க இந்தப் பூங்காவின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தன்மையான மனிதர், கழிவறைப் பக்கம் கிடந்த பெஞ்சில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார், மூக்கைப் பொத்தாமல். அவர்தான் சொன்னார், தாது வருஷப் பஞ்சத்தில் இந்த இடத்தில்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்களாம், அப்புறம்தான் மரம் வைத்துப் பூங்கா ஆக்கினார்களாம். பசித்தவனுக்கு ஊற்றிய இடம் என்று கேட்டதும் எனக்கு அந்த மண்ணின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. "அப்ப இந்தத் துரைதான் கஞ்சி ஊத்துனவரா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அதாம்மா தெரியல. மூணு துரைல ஒருத்தர். ஒருத்தர் கஞ்சித்தொட்டி வச்சவர். ஒருத்தர் குழாய்த் தண்ணி கொண்டுவந்தவர். இன்னொருத்தர் ஒண்ணும் பண்ணல, வேட்டைக்குப் போனார், வந்தார், அவருக்கு அவரே சிலை வச்சுக்கிட்டார்."

"இது அவரா இருந்தா அம்புட்டு மஞ்சளும் வீணா சார்?"

"தகடு போனதோட பேரும் போச்சும்மா. அது இருக்கட்டும், உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, நான் குறிச்சு வச்சுக்கிறேன்."

பாருங்கள், இவருக்கும் பேர்தான் வேண்டுமாம். நான் ஜாடை சொன்னேன், எங்கள் குலசாமி கோவிலில் உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் நிற்கிற சாமியின் பேர் என்று. பட்டணத்து மனிதருக்கு நம் கோவிலின் இடமும் வலமும் எங்கே தெரியும்? அவராக ஒவ்வொன்றாகக் கேட்டார். கருப்பனா? இல்லை என்று தலையாட்டினேன். முனியாண்டியா? இல்லை. வீரணனா? அதுவும் இல்லை. இதற்குள் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது. "கருப்பு இல்லையாம்டி! முனியும் இல்லையாம்! அவுகளுக்கு எல்லாம் மேல போல!" என்று வாசல் வரைக்கும் சேதி போய்விட்டது. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியோடு பேசுகிறாள் என்றார்கள்.

இதுதான் அண்ணே விஷயம். தை அமாவாசை வந்தால் அவர் போய் வருஷம் திரும்புகிறது. தலைத்திவசத்தன்றைக்கு அவர் உட்கார்ந்த இடத்தில், அவர் வைத்த விளிம்பில், ஒரு சுருட்டை நான் முழுசாக வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. இந்தக் கயிறு இருக்கிற வரைக்கும் அது நடக்காது. நீங்கள் வந்து நாலு பேர் முன்னால் நின்று, "இங்கே உட்கார்ந்தவர் என் மாப்பிள்ளை, அவர் பேர் இது, இது சாமி இல்லை, இவள் என் தங்கச்சி" என்று சொல்ல வேண்டும். நீங்கள் பேரைச் சொல்லலாம், உங்களுக்குத் தடை இல்லை. ஏட்டு சொன்னால் சங்கிலி அடங்குவான், அவன் சைக்கிளில் பாதிக்கு விளக்குக் கிடையாது, போலீஸைக் கண்டால் அவனுக்கு உள்ளூர நடுக்கம். துரை துரையாகவே இருக்கட்டும், மீசையைக் கழுவிவிடலாம், பெஞ்சு பழைய இடத்துக்கு வந்தால் போதும்.

அண்ணிக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், நல்லாப் படித்து உங்களைப் போல நிமிர்ந்து நடக்கட்டும். மருமகனுக்குச் சம்பளம் ஏற மீனாட்சியிடம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சாமிக்குப் பேர் இருக்கிறது, தைரியமாக வேண்டிக்கொள்ளலாம். நம் குலம் தழைத்து நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும். வழியைப் பார்த்துக் காத்திருக்கும் தங்கை,

ஒச்சாயி

பின்குறிப்பு: அண்ணே, மேலே எழுதியதை எல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். காக்கிச் சட்டையைப் பெட்டியிலேயே வையுங்கள், அந்துருண்டை போடுங்கள்.

நடந்தது இது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பூங்கா வாசல் பெட்டிக்குத்தான் போனேன். இன்றைக்கு மார்கழி அமாவாசை, இடுப்பில் சுருட்டும் இருந்தது, கயிற்றுக்கு வெளியே நின்றாவது காட்டிவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். பசுபதி வாத்தியார் பலகை எழுதுகிற பெயிண்டரோடு நிற்கிறார். விளிம்பைப் பார்க்கிறேன், கரிபிடித்த கறுப்பு இல்லை. தேய்த்துக் கழுவி மஞ்சள் பெயிண்டு அடித்துவிட்டார்கள். அங்கே ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி சொருகி இருக்கிறது.

"சுருட்டெல்லாம் இனிமே கிடையாது ஆத்தா" என்று சங்கிலி சொன்னான். "மாநாட்டுக்கு வெளிநாட்டுக்காரவுகல்லாம் வாராக. சாமி சுருட்டுக் குடிக்குதுன்னா ஊருக்கு அசிங்கம். நம்ம சாமிக்கு ஊதுபத்திதான் புடிக்கும்."

ஊதுபத்தி வாசம் பட்டாலே அந்த மனிதர் தும்மித் தும்மிக் கண் சிவந்து போவார், அண்ணே. எனக்கு அம்புட்டு ஆங்காரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்ததில் கம்பு சாய்ந்துவிட்டது, என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. கோபத்தில் தலை தானாக ஆடுகிறது. ஊதுபத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "டேய், அது மொக்கையன்டா! மொக்கையன்! அந்த மனுசனுக்குச் சுருட்டுத்தான்டா வேணும்!" என்று கத்திவிட்டேன்.

வாயால் சொல்லியாயிற்று, இனிக் கையால் எழுத என்ன கூச்சம் என்று எழுதிவிட்டேன். பூங்கா முழுக்கக் கேட்டது. ரேடியோ மட்டும் பாடுகிறது. அப்புறம் அழகம்மாள் குலவை போட்டாள். "சாமி வந்திருச்சு! பேரச் சொல்லிருச்சு!" என்று அத்தனை கூட்டமும் தரையில் விழுந்தது. நம் பக்கத்தில் சாமி தன் பேரை ஒரு ஆள் மேல் இறங்கித்தானே சொல்லும், அதுதான் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பேரைச் சொன்னால் கமிட்டியைக் கலைக்கிறேன் என்ற அதே சங்கிலி என் காலடியில் கிடக்கிறான். "நான் சாமி இல்லடா, ஒச்சாயிடா" என்றேன். "சாமி ஒச்சாயி மேல எறங்கியிருக்கு!" என்று அதற்கும் ஒரு குலவை.

"இன்னும் என்ன குறை சாமி, கேளு" என்று சங்கிலி கும்பிட்டுக்கொண்டு கேட்டான். இந்தச் சமயத்தை விட்டால் கிடைக்காது என்று எனக்குப் புத்தி வேலை செய்தது, அண்ணே. தலையை இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். "கயித்த அவுரு" என்றேன், அவிழ்த்தான். "பெஞ்சக் கொண்டா" என்றேன், நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டார்கள். "தாலியறுத்தவ வரப்பிடாதுன்னு சொன்னது எவன்?" என்றேன். "தப்புத்தான் சாமி, தெரியாம சொல்லிப்பிட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சுருட்டப் பத்த வையி" என்றேன். அவனே வாயில் வைத்து இழுத்துப் பற்ற வைத்து, இருமிக்கொண்டே அந்த விளிம்பில் வைத்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து அது முழுசாகத் தீருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு வாத்தியார் கிட்டே வந்து மெதுவாக, "அம்மா, இது உங்க வீட்டுக்காரர் பேர்தானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்ப அந்தத் துரையை என்னம்மா பண்ண?" என்றார். "அவரும் இருந்துட்டுப் போகட்டும் சார், எடம் இருக்குல்ல" என்றேன். சிரித்தார். பலகையில் கஞ்சித்தொட்டி, பேண்டு மண்டபம், சண்டைக்குப் போனவர்கள் எல்லாம் எழுதி, கடைசியில் 'இச்சிலை இன்னார் என்று அறிய முடியவில்லை. மக்கள் மொக்கையன் என்று வணங்குகின்றனர்' என்று எழுத வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் சங்கிலி பெயிண்டரைப் பிடித்து அந்தக் கடைசி வரியின் முதல் பாதியை அழிக்கச் சொல்லிவிட்டான். மாநாட்டுக்கு வருகிறவர்கள் மிச்சத்தைத்தான் படிக்கப் போகிறார்கள்.

ஆகையால் தை அமாவாசைக்கு அண்ணியோடு சும்மா வாருங்கள், கறி எடுத்துச் சமைக்கிறேன். பூங்காவுக்கும் போகலாம். ஆனால் அங்கே யாராவது கேட்டால் அந்தப் பேரில் உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது, சொல்லிவிட்டேன். தங்கச்சி மாப்பிள்ளை என்று வாய் தவறி உளறிவிடாதீர்கள், கயிறு மறுபடியும் வந்துவிடும்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இனிமேல் குறைய என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து, முருகம்மாள் கடைக்குப் போன நேரத்தில், அடுப்படியில் உட்கார்ந்து இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பேராகத்தான் இருக்கிறது, அண்ணே.